முகம் திருப்பிக்கொண்டு மலையேறிய கார்

குமுளி மலைச்சாலையின் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒரு பழைய அமெரிக்கக் காரைப் பின்பக்கமாகவே ஓட்டி ஏறியவர் உலகத்திலேயே ஒருவர்தான். ஆனைக்கரை டிரைவர் அழகுமலை. அப்படி ஏறும்போது அவருடைய ஒரு கையில் டீ கிளாஸ் இருந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

முப்பத்தாறு என்பது கொஞ்சம் கூடுதல்தான். அந்தச் சாலையில் அத்தனை வளைவு கிடையாது என்பது கம்பம் பஸ்ஸில் ஒரே ஒரு தடவை வாந்தி எடுத்தவருக்குக்கூடத் தெரியும். விரல் விட்டு எண்ணினால் ஒரு கை நிறைந்து, அடுத்த கைக்குக் கொஞ்சம் போகும். டீ கிளாஸும் கிடையாது. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்ததில் உள்ளங்கை கொப்பளித்துப்போனதுதான் மிச்சம். இதை எழுதுகிறவளுக்கு எண்ணிக்கையில் எப்போதுமே கை தாராளம். ஆனால் பின்பக்கமாக ஏறியது மட்டும் சத்தியம்.

எழுபத்திநாலாம் வருஷம் அது. பெட்ரோல் விலை ஒரே தாவாகத் தாவி, டாங்க் மூடியைத் திறக்கவே கை கூசிய காலம். ஆனைக்கரையில் சங்கையா முதலாளிக்கு ஏலத்தோட்டம் இருந்தது. மதுரைப் பக்கம் ஒரு ஜமீன் வீடு நொடித்துப்போனபோது அங்கிருந்து அவர் வாங்கி வந்த கார் அது. முன்னால் வெள்ளிப் பல்லெல்லாம் காட்டிச் சிரிக்கும். உள்ளே ஆறு பேர் சம்மணம் போட்டு உட்காரலாம். தோட்டத்தில் அதற்குப் ‘பெரிய கார்’ என்று பெயர். சின்ன கார் என்று ஒன்று அங்கே இருந்ததே இல்லை.

அந்தக் காருக்குக் கிளச் கிடையாது. கியர் தானாகவே மாறிக்கொள்ளும். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு குச்சி. முன்னால் போக ஒரு பக்கம், பின்னால் போக ஒரு பக்கம், நடுவில் வைத்தால் சும்மா. அவ்வளவுதான். “இடது காலுக்கு வேலையே இல்லாத உத்தியோகம்ணே உனக்கு” என்று குமுளி ஜீப் டிரைவர்கள் அழகுமலையைக் கேலி செய்வார்கள். பதினாறு வருஷமாக அவர் அந்தக் காரைத் தவிர வேறு எதையும் ஓட்டியதில்லை. வயது ஐம்பத்தி நாலு. சும்மா இருந்த அந்த இடது கால்தான் முதலில் மரத்துப்போக ஆரம்பித்தது. அப்புறம் இடுப்பு, அப்புறம் தோள். காலையில் எழுந்ததும் உடம்பை ஒவ்வொரு பாகமாகக் கூப்பிட்டு எழுப்ப வேண்டியிருந்தது.

காரோடு சேர்ந்து அவருக்கு ஒரு வீடும் கிடைத்திருந்தது. கார் ஷெட்டை ஒட்டி, ஓடு போட்ட இரண்டு அறை; சிமெண்டுத் தரை; வாசலிலேயே தண்ணீர்க் குழாய். அதற்குப் பெயரே டிரைவர் வீடு. தோட்டத்தில் மற்றவர்களெல்லாம் மேட்டு லயத்தில் இருந்தார்கள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு அறை. நூற்று நாற்பது படி ஏற வேண்டும். தண்ணீர் கீழே ஓடையில். அழகுமலையின் பெண்சாதி குருவம்மாள் இருபது வருஷம் செடிக்கடியில் குத்தவைத்து ஏலக்காய் பறித்ததில் இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவள். சமையல்கட்டிலிருந்து குழாய்க்கு வருவதற்கே சுவரைப் பிடித்துக்கொள்வாள். குடத்தோடு நூற்று நாற்பது படி என்றால், அவளை யாராவது தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

கார் இல்லாவிட்டால் டிரைவர் இல்லை. டிரைவர் இல்லாவிட்டால் டிரைவர் வீடு இல்லை. இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும்.

ஒரு வாரமாகக் கார் சரியில்லை. மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்துகிறது, கார் நின்று யோசிக்கிறது. அன்றைக்குக் காலை முதலாளியின் தங்கச்சியைக் கம்பத்தில் கொண்டுபோய் விடக் கிளம்பும்போது சங்கையா முதலாளி வராந்தாவில் நின்று சொன்னார்:

“அழகுமலை, இது நமக்குக் கட்டுபடியாகாதுப்பா. தன் காலுல வீடு வந்து சேந்தா வச்சிக்கிருவோம். வழியில படுத்திருச்சுன்னா அங்கனயே எவனாச்சும் இரும்புக்கடைக்காரனுக்குக் குடுத்துட்டு பஸ் ஏறி வந்துரு. குமுளியில வாடகை ஜீப் கிடக்கு. அதுக்கு டிரைவரு அவனே வாரான்.”

“சரிங்க முதலாளி.”

வண்டியை எடுக்கும்போது கண்ணாடியில் பார்த்தார். தோட்டத்துக் கணக்கெழுதும் ரைட்டரின் மனைவி டிரைவர் வீட்டு வாசலில் நின்று, கதவின் அகலத்தை முழம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு பீரோ இருந்தது.

கம்பம் போகிறவரைக்கும் ஒன்றுமில்லை. போகும் பாதை பெரும்பாலும் இறக்கம்தானே. தங்கச்சியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது சமதரையிலேயே கார் மாட்டுவண்டிக்கு வழிவிட்டு வந்தது. மலைக்குக் கீழே லோயர் கேம்ப். மின்சாரத்துக்குத் தண்ணீர் இறங்கி வரும் பெரிய குழாய்கள் மலைமேலிருந்து சரிந்து நிற்குமே, அந்த இடம். அங்கே வந்ததும் கார் அடியோடு நின்றுவிட்டது. மிதித்தார். எஞ்சின் கத்தியது. சக்கரம் அசையவே இல்லை.

நல்லவேளை, நின்றது நஞ்சப்பன் பட்டறைக்கு நேர் எதிரே. நஞ்சப்பனுக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை. இங்கே பெண் எடுத்து, மலையேற முடியாமல் மூச்சு வாங்கும் லாரிகளை நம்பிப் பட்டறை போட்டவர். கோயமுத்தூரில் பெரிய இடங்களில் இந்த மாதிரி வெளிநாட்டுக் கார்களைப் பிரித்துப் பழகியவர். அவர் பானெட்டைத் தூக்கி, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, நுனியை மோந்து பார்த்தார். பிறகு அழகுமலையின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“மோந்து பாருங்க.”

அடிபிடித்த சோற்று வாசனை.

“செவப்பா இருக்கோணும் இந்த எண்ணெய். கரியாட்டம் இருக்குது. ஏனுங்க, இறக்கத்துல எப்படி வருவீங்க?”

“எப்படி வருவாக? மேல எஞ்சினை அணைச்சிட்டு, குச்சிய நடுவுல போட்டு விட்டுட்டா இங்கன வந்துதான் நிக்கும். ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்ல.”

“எத்தனை நாளா?”

“வருஷம் ஆகப்போகுது. ஜீப்காரங்கெல்லாம் அப்படித்தான எறக்குறாங்க? முதலாளியே ஒருநா, ஆள் கணக்கு எடுக்குற காலைப் பெரட்டுல, அம்புட்டு ஆளுக முன்னாடியும் வச்சு மெச்சினாரு. சிக்கனம்னா அழகுமலைகிட்டப் படிங்கடான்னு.”

நஞ்சப்பன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“ஜீப்புக்கு அது சரிங்க. இதுக்கு உள்ளார ஒரு பம்பு இருக்குது. எஞ்சின் ஓடுனாத்தான் அது ஓடும். அது ஓடுனாத்தான் கியர் பெட்டிக்குள்ள எண்ணெய் சுத்தும். நீங்க எஞ்சினை அணைச்சுப்போட்டீங்க, சக்கரம் மட்டும் சுத்திக்கிட்டே வந்துது. உள்ள இருக்கிற பிளேட்டெல்லாம் சொட்டு எண்ணெய் இல்லாம தேஞ்சுதுங்க. ஒரு வருஷமா, தினமும், வெறுஞ்சட்டியில வறுத்திருக்கீங்க.”

அழகுமலை பட்டறை வாசலில் கிடந்த லாரி டயரின்மேல் உட்கார்ந்தார். யாராவது திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. திட்டினால் பதில் சொல்லலாம். ரைட்டர் வீட்டுப் பீரோ கண் முன்னால் கதவுக்குள் நுழைந்து, நேராகப் போய்ச் சுவரோரம் நின்றது.

“கோயமுத்தூர்ல பிளேட்டு கிடைக்குமா?”

“தேடிப் பாக்கோணும். ஒரு மாசம் ஆனாலும் ஆகும், ஆறு மாசம் ஆனாலும் ஆகும்.”

“லாரியில கட்டி இழுத்துட்டா?”

“அப்பவும் அதே கதைதானுங்க. சக்கரம் சுத்தும், பம்பு சுத்தாது. இருக்கிறதும் போயிரும்.” நஞ்சப்பன் குனிந்து காரின் அடியை ஒருமுறை பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “பின்னாடி போகுதான்னு பாத்தீங்களா?”

“எதுக்கு?”

“முன்னாடி போறதுக்கு வேற பிளேட்டு, பின்னாடி போறதுக்கு வேற பட்டைங்க. பின்னாடி போறதை யாரு அதிகமா ஓட்டறாங்க? அது புத்தம் புதுசா இருக்கும்.”

அழகுமலை எழுந்துபோய், குச்சியைப் பின்பக்கத்துக்குத் தள்ளி, லேசாக மிதித்தார். இரண்டு டன் கார் வெண்ணெய் மாதிரிப் பின்னால் நகர்ந்தது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி மலையைப் பார்த்தார்கள்.

“ஏழு கிலோமீட்டருங்க,” என்றார் நஞ்சப்பன்.

“தன் காலுல வந்தாப் போதும்னுதான் முதலாளி சொன்னாரு. மூஞ்சி எங்கிட்டு இருக்கணும்னு சொல்லல.”

நஞ்சப்பனுக்குக் குமுளியில் ஒரு வேலை இருந்தது. இருந்ததோ இல்லையோ, இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒரு டின் தண்ணீரோடு டிக்கியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். இனி அதுதானே காரின் முன்பக்கம். பட்டறைக்கு முன்னால் காரைப் பின்பக்கமாகவே அரைவட்டம் வளைத்து, வாலை மலைப்பக்கம் கொண்டுவந்தாயிற்று. அழகுமலை தன் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்து, பாதி உடம்பை வெளியே தள்ளி, கழுத்தைத் திருகிப் பின்னால் பார்த்தபடி மிதித்தார். கார் மலையேறத் தொடங்கியது, அடிவாரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

முதல் வளைவு வருவதற்குள் கழுத்து நரம்பு முறுக்கிக்கொண்டது. பின்பக்கமாகப் போகும்போது ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. கொஞ்சம் திருப்பினால் வால் நிறைய ஓடும். நஞ்சப்பன் டிக்கிமேல் இருந்து கையைக் காட்டிக்கொண்டே வந்தார். “இன்னுங்க, இன்னுங்க, போதுமுங்க, அய்யோ பள்ளமுங்க!” ரேடியேட்டருக்குக் காற்றே கிடைக்காததால் ஒரு கிலோமீட்டருக்கு ஒருமுறை கார் ஆவி விட்டது. நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பாறையில் கசியும் தண்ணீரை டின்னில் பிடித்து ஊற்றி, மறுபடி கிளம்ப வேண்டும்.

மேலிருந்து ஒரு லாரி இறங்கி வந்தது. லாரிக்காரர் கண்ணில் பட்டது காரின் வால். சரி, இதுவும் நமக்கு முன்னால் இறங்கிப் போகிறது என்று நினைத்து, வேகமாகப் போகச் சொல்லி ஹாரன் அடித்தார். முன்னால் ‘போகிற’ கார் தன்னை நோக்கி ஓடி வருவதை அவர் புரிந்துகொண்டது கடைசி இருபது அடியில்தான். பிரேக் பிடித்த சத்தத்தில் மரத்திலிருந்த குரங்கெல்லாம் கலைந்தது. திட்டத்தான் இறங்கி வந்தார். டிக்கிமேல் டின்னை அணைத்துக்கொண்டு நஞ்சப்பன் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் திட்ட வந்தது மறந்துபோனது.

“என்னய்யா இது?”

“கியர் பெட்டி கரிஞ்சு போச்சுங்க.”

“கரிஞ்சா?”

“முன்னாடி போறது மட்டுமுங்க.”

லாரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு ஓரம் ஒதுக்கினார்.

அடுத்த வளைவில் கம்பம் பஸ். அதன் டிரைவர் அழகுமலைக்குப் பழக்கமானவர். நிறுத்தி, தலையை வெளியே நீட்டினார். “என்னண்ணே, மலைக்குப் போக மனசில்லையா? கம்பத்தையே பாத்துக்கிட்டுப் போறீங்க! அங்க யாரையும் விட்டுட்டு வந்திருக்கீங்களா?” பஸ் முழுக்கச் சிரித்தது. விறகுக் கட்டோடு ஓரமாக நடந்துகொண்டிருந்த ஒரு பெண், “சண்ட போட்டுட்டுத் தாய் வீட்டுக்குப் போற மருமக மாதிரில்ல போகுது!” என்றாள். அழகுமலைக்கும் சிரிக்கத் தோன்றியது. ஆனால் சிரித்தால் கழுத்து வலித்தது.

நாலாவது முறை தண்ணீர் ஊற்ற நிறுத்தியபோது அவர் இறங்கவே இல்லை. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். இங்கேயே விட்டுவிட்டால் என்ன? பஸ் ஏறிப்போய், படுத்து, நாலு நாள் எழுந்திருக்காமல் தூங்கலாம். தனக்கு லயம் போதும். பிறந்ததே லயத்தில்தான். நூற்று நாற்பது படி, குடம், அந்த முழங்கால் என்று நினைப்பு அதற்குமேல் போகாமல் நின்றது.

“போலாமுங்களா?” என்றார் நஞ்சப்பன்.

“போவோம்.”

குமுளி வந்தபோது மத்தியானம் மூன்று மணி. செக்போஸ்ட்டில் தடுப்புக் கம்பு இறங்கியிருந்தது. அரிசி கடத்தல் மும்முரமாக இருந்த சமயம். தமிழ்நாட்டிலிருந்து வரும் வண்டியையெல்லாம் குடைந்து பார்ப்பார்கள். காவலுக்கு நின்ற மலையாளத்துக்காரர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். டிக்கிமேல் இருந்தவரை இறங்கச் சொல்லித் திறந்து பார்த்தார். ஜாக்கியும் ஸ்டெப்னியும் மட்டும் இருந்தன.

“வண்டி கேரளத்துக்குள்ளே வருதா, வெளியே போகுதா?”

“உள்ள வருது சாரே.”

“முகம் வெளியே பாத்தல்லோ இருக்கு?”

“மூஞ்சி அங்கிட்டு இருக்கு சாரே. ஆனா நாங்க இங்கிட்டுத்தான் வாறோம்.”

அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். வண்டியின் முன்பக்கம் எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் அது போகிறது என்பது அவருடைய முடிவு. ‘போனது’ என்று எழுதிவிட்டுக் கம்பைத் தூக்கினார். அரசாங்கக் கணக்குப்படி அந்தக் கார் அன்றைக்குக் கேரளத்தை விட்டே போய்விட்டது.

நஞ்சப்பன் அங்கே இறங்கிக்கொண்டார். “இனி மேடும் பள்ளமுமா இருக்குமுங்க. பள்ளத்துல பழைய பழக்கத்துக்கு அணைச்சுப்போடாதீங்க. அந்தப் பட்டையும் போச்சுன்னா ரெண்டு பக்கமும் நகராது.”

அதிலிருந்து ஆனைக்கரை பதினாலு கிலோமீட்டர். டிக்கிமேல் யாரும் இல்லை. மூடுபனி இறங்க ஆரம்பித்தது. வழியில் இறக்கம் வந்தபோது அழகுமலையின் கை தானாகச் சாவியைத் தொட்டது. ஒரு வருஷப் பழக்கம். சோர்ந்த கைக்குப் பழக்கம் மட்டும்தான் தெரியும். சட்டென்று இழுத்துக்கொண்டார். எஞ்சின் ஓட ஓட, பிரேக்கை அமுக்கி அமுக்கி, ஆட்கள் நடக்கிற வேகத்தில் இறங்கினார். தோட்டத்து கேட் தெரிந்தபோது மணி ஐந்தரை. கழுத்து வலது பக்கம் திரும்பிய இடத்திலேயே நின்றுபோயிருந்தது. கேட்டுக்காரர் வணக்கம் சொன்னபோது அவரால் தலையாட்டக்கூட முடியவில்லை.

சங்கையா முதலாளி வராந்தாவிலிருந்து இறங்கி வந்தார். கார் முற்றத்தில் வந்து நின்றது.

“என்னப்பா, பின்னாடி வாறே?”

“முன்னாடி போகலங்க முதலாளி.”

“எங்கிருந்து?”

“லோயர் கேம்ப்புலருந்து.”

முதலாளி காரைப் பார்த்தார். அழகுமலையின் திரும்பிய கழுத்தைப் பார்த்தார். “சரி. வீடு வந்துருச்சுல்ல. ஷெட்டுல போடு.”

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அழகுமலைக்கு அன்றைக்கு ஒன்றை உள்ளே வைத்துக் காக்கிற தெம்பு இல்லை.

“முதலாளி, இது தானாப் போகல. எறக்கத்துல எஞ்சினை அணைச்சு விட்டதுலதான் கரிஞ்சு போச்சாம். நாந்தான் கெடுத்தேன்.”

முதலாளி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைப்பதற்கு அங்கே வியர்வை ஒன்றும் இல்லை.

“பெரட்டுல வச்சு மெச்சினது நானு,” என்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

இனிமேல் வருவதுதான் அழகுமலையின் மூளை வேலை செய்த இடம். அந்த ஷெட் மலையைக் குடைந்து கட்டியது. மூன்று பக்கமும் கருங்கல் சுவர். வாசலிலிருந்து உள்ளே சரிவு. பதினாறு வருஷமாக அவர் காரை முகத்தை உள்ளே வைத்துத்தான் நிறுத்துவார். அன்றைக்கு அவர் ஷெட்டின் வாசலில் காரை ஒரு நிமிஷம் நிறுத்தினார். மனதில் ஒரு மின்னல் வெட்டியது. பின்னால் மட்டுமே போகத் தெரிந்த காரைப் பின்பக்கமாகவே இதற்குள் விட்டுவிட்டால், அப்புறம் அதை வெளியே கொண்டுவர எவனால் முடியும்? மெல்லச் சிரித்துக்கொண்டே, கடைசிச் சுவர் வரைக்கும் விட்டு நிறுத்தினார்.

அப்படியே நடந்தது. இரண்டு மாசம் கழித்துக் கம்பத்திலிருந்து இரும்புக்கடைக்காரர் வந்தார். ஷெட்டில் முகத்தை வெளியே வைத்துச் சிரித்துக்கொண்டிருந்த காரைப் பார்த்து, வெளியே எடுக்கச் சொன்னார். அழகுமலை மரியாதையாக ஏறி உட்கார்ந்து மிதித்தார். எஞ்சின் கத்தியது, கார் அசையவில்லை. சரிவில் மேலே தள்ளப் பதினைந்து ஆள் வேண்டும். “காய் பறிப்பு நேரத்துல பதினஞ்சு ஆளுக்கு நா எங்க போவேன்?” என்றார் முதலாளி. பறிப்பு முடிந்தால் மழை. மழை முடிந்தால் கவாத்து. கோயமுத்தூரில் பிளேட்டும் கிடைக்கவில்லை. ஷெட்டில் கார் இருக்கிறவரைக்கும் அதைத் துடைக்க ஒரு டிரைவர் வேண்டும் அல்லவா? ஆறு வருஷம் துடைத்தார். ரைட்டர் வீட்டுப் பீரோ வேறு வழி பார்த்துக்கொண்டது.

இவ்வளவையும் நான் எழுதி வாசித்துக் காட்டியபோது எதிரே காலை நீட்டிப்போட்டு முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த குருவம்மாள், மின்னல் வெட்டிய இடம் வந்ததிலிருந்தே கையை நிறுத்திவிட்டாள்.

“மின்னலும் வெட்டல, ஒண்ணும் வெட்டல. அந்த மனுசனுக்குத் திரும்புன கழுத்து திரும்பல. வந்தது வந்தபடி உள்ள விட்டுட்டு, சோறுகூட வேணாம்னு படுத்துட்டாரு. விடிஞ்சதும் ஷெட்டுக்குப் போனவரு, மூஞ்சி செத்துப்போய் ஓடி வாராரு. ‘ஏ குருவு, ஒரு தப்பு பண்ணிட்டேன், வண்டிய வெளிய எடுக்க முடியாம விட்டுட்டேன், முதலாளி கேக்கறதுக்குள்ள ஆளக் கூப்புட்டுத் தள்ளிப் போட்டுர்றேன்’னு ஒரே பதட்டம். ஆளக் கூப்புட வேணாம், பேசாம உக்காந்து காப்பியக் குடிங்கன்னு சொன்னது நானு.”